வண்ண மீன் வளர்ப்பும் ஊர் ஏரியின் காப்பும்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பொன்மீன்களை நீந்தவிட்டுக் கண்டு மகிழ்வது ஒரு காலத்தில் நகரத்துச் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்காயிருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மருத்துவமனை, உணவு விடுதி, பள்ளிக்கூடம், கடை எனப் பல இடங்களிலும் மீன் தொட்டிகளைக் காண்கிறோம். இவற்றில் நீந்தும் நன்னீர் மீன்களுள் பெரும்பாலானவை ஆற்றிலிருந்து பிடித்து வரப்பட்டவை அல்ல. சிமெண்டுத் தொட்டிகளிலும் சிறு மண் குளங்களிலும் வளர்க்கப்பட்டவையே. வடசென்னையைச் சார்ந்த கொளத்தூர், இத்தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றது. அங்கே வீட்டு முற்றத்திலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் வளர்த்த குடும்பங்களைப் பின்பற்றிச் சுற்றுப்புறக் கிராமங்களிலும் இத்தொழில் பரவியிருக்கிறது.

ஆடு, கோழி வளர்ப்பைப் போலவே இதையும் உழவர் குடும்பங்கள் துணைத் தொழிலாக மேற்கொள்ளலாம். பெண்களும் முதியவர்களும் வீட்டிலிருந்தபடியே கவனிக்கத்தக்க தொழில் இது. ஆயின், ஆடு கோழிகளுக்கில்லாத ஓர் இடர் இதில் உண்டு. கொல்லைத் தொட்டியில் இருக்கும் வரையில் வண்ண மீன் வீட்டுக்கு வருவாய். அதே மீன் ஊர் ஏரியில் புகுந்துவிட்டால் ஊருக்கு இழப்பு. ஆகவே வளர்க்கும் முறையையும் காக்கும் முறையையும் ஒருசேரக் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

தொட்டி அமைத்தல்

பொழுதுபோக்குக்காக வளர்ப்போர் 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியிலிருந்து தொடங்கலாம். இது ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டுமே 56 கிலோ ஆவதால், ஆட்டங்கொடுக்காத பலகையின்மீது, நேர் வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீன் வளர்ப்பது பார்வைக்கு அழகாயிருப்பினும் மீனுக்கு நல்லதன்று. நீரின் மேற்பரப்பு அதில் குறுகியிருப்பதால் காற்றிலுள்ள பிராணவாயு நீரில் போதிய அளவு கலப்பதில்லை.

தொழிலாக வளர்ப்போருக்குச் சிமெண்டுத் தொட்டியே ஏற்றது. 10 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி உயரம் உடைய தொட்டியில் 2 அடி ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் சுமார் 2,800 லிட்டர் கொள்ளும். அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சற்றே சரிந்திருந்தால், கழிவு அங்கே சேரும். அவ்விடத்தில் வடிகுழாய் அமைப்பது எளிது. நீர் மிகும்போது வெளியேறுவதற்கு மேல்மட்டத்தில் ஒரு குழாயும் வேண்டும். இரு குழாய்களின் வாயிலும் நெருக்கமான வலை கட்டுவது கட்டாயம். இதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

புதிதாகக் கட்டிய தொட்டியில் உடனே மீனை விடலாகாது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை மிகுவித்து மீன்களைக் கொன்றுவிடும். தொட்டியில் நீர் நிரப்பி, சில நாட்களுக்கொருமுறை வடித்து, மீண்டும் நிரப்பி, இரண்டு மூன்று வாரங்கள் இவ்வாறு செய்ய வேண்டும். வாழைத்தண்டைத் துண்டுகளாக்கி நீரில் ஊறவைத்து, அது அழுகியபின் கழுவிவிடுவதும் வளர்ப்போரிடையே வழக்கமாகும்.

நீரின் இயல்பு

மீன் வளர்ப்பு என்பது உண்மையில் நீரை வளர்ப்பதே ஆகும். நீர் நலமாயிருப்பின் மீன் தானே நலமாயிருக்கும். இத்தொழிலில் புகுவோர் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்து மனம் தளர்வதற்குக் காரணம், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் நல்ல நீரே என்று கருதிவிடுவதுதான்.

மீன் தான் வாழும் நீரிலேயே கழிவையும் விடுகிறது. செவுள் வழியாகவும் எச்சத்தின் வழியாகவும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் நீரில் சேர்கிறது. தின்னாது விட்ட இரை அழுகுவதாலும் அது மிகுகிறது. இது நிறமற்றது, எனவே நீர் தெளிவாயிருக்கும்போதே மீன் இறக்கக்கூடும். இயற்கை இதற்கொரு மாற்றும் அமைத்திருக்கிறது. தொட்டியின் சுவரிலும் அடியிலுள்ள கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு அளவோடு இருக்கும் வரையில் மீனுக்கு அத்துணைக் கேடு செய்வதில்லை. நீர்ச்செடிகளுக்கு அது உரமாகவும் ஆகிறது.

இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகையால் புதுத் தொட்டியில் முதலில் சில மீன்களையே விட வேண்டும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லையோ வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டையோ எடுத்துப் புதுத் தொட்டியில் இட்டால், தயிருக்கு உறை குத்தியது போல அப்பணி விரைந்து நடக்கும். அந்தப் பழைய தொட்டியில் நோயில்லாதிருப்பது முக்கியம்.

தொட்டியை முழுதும் காலி செய்து தேய்த்துக் கழுவுவது நன்மை என்று பலரும் எண்ணுகின்றனர். இதனால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் கழுவுண்டு போகின்றன. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரை அடியிலிருந்து வடித்து, புதுநீர் சேர்ப்பதே சிறந்த முறை. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல், தொட்டியிலிருந்து வடித்த நீரிலேயே அலச வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பின் அதனைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பின் பயன்படுத்துதல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாயிருக்கும். உயரத்திலிருந்து விழச் செய்து, சேமித்து வைத்துப் பயன்படுத்தினால் அக்குறை நீங்கும். நீரின் கார அமில நிலை 6.5க்கும் 8க்கும் இடையிலும், வெப்பம் 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருப்பது பெரும்பாலான வண்ண மீன்களுக்கு ஏற்றது.

எந்த மீனை முதலில் வளர்ப்பது?

வண்ண மீன்களை முட்டையிடுவன, குட்டி ஈனுவன என இரு வகையாகப் பிரிக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை குட்டி ஈனுவன. பொன்மீன், கோய் கெண்டை, ஏஞ்சல், கவுராமி, ஃபைட்டர் ஆகியவை முட்டையிடுவன. தொடக்க நிலையிலுள்ளோர் குட்டி ஈனும் வகைகளை மேற்கொள்வதே நலம். முட்டையிடும் மீன்களின் குஞ்சுகள் பொரித்த சில நாட்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையே இரையாகக் கொள்ளும். கப்பிக் குட்டிகளோ பிறந்த அன்றே நீந்தி இரை தேடும்.

பொன்மீன் சீன நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பழக்கி வளர்க்கப்பட்டது. கெண்டை இனத்தைச் சேர்ந்ததாதலின் மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிவு விடும். ஆகவே அதற்கு இடமும் நீரும் அதிகம் வேண்டும். ஃபைட்டர் மீன் காற்றை நேரே உறிஞ்சிச் சுவாசிக்க வல்லது. சிறு பாத்திரத்திலும் வாழும். ஆயின் இரு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஒவ்வோர் ஆணையும் தனியே வைத்தல் வேண்டும். ஏஞ்சல் மீனுடன் கப்பிக் குட்டிகளைச் சேர்த்து வைப்பது, குட்டிகளை அதற்கு இரையாக இடுவதே ஆகும்.

இரையும் குஞ்சுகளும்

ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு இரையைக் காலையும் மாலையும் இட்டால் போதும். பசியால் இறக்கும் மீனைவிட, எஞ்சிய இரை அழுகுவதால் இறக்கும் மீனே அதிகம். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சேர்த்து வேகவைத்து, சிறு மீன் தூள் கலந்து உருட்டிக் கொடுக்கலாம். நறுக்கிய மண்புழுவும் கொசுப் புழுவும் நல்ல உயிர் இரைகள்.

குஞ்சுகளுக்கான நுண்ணிரையை வீட்டிலேயே உண்டாக்கலாம். ஒரு தொட்டி நீரில் வாழைப்பழத் தோலையோ முட்டைகோஸ் இலையையோ இட்டு, மெல்லிய துணியால் மூடி வைத்தால், நான்கைந்து நாட்களில் நீர் பால்போல் கலங்கிப் பின்னர்த் தெளியத் தொடங்கும். அந்நீரில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். சற்று வளர்ந்த குஞ்சுகளுக்கு மொய்னா என்னும் நீர்த்தெள்ளு ஏற்றது. சாணமும் பிண்ணாக்கும் கரைத்த நீரில் அதனை வளர்க்கலாம்.

கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கொருமுறை குட்டி ஈனும். தாயே குட்டிகளைத் தின்றுவிடும் இயல்புடையது. ஆதலின் தொட்டியில் வேலம்பாசியை அடர்த்தியாக இட்டால் குட்டிகள் அதற்குள் ஒளிந்து பிழைக்கும். வண்ணமும் வாலும் ஆண் மீனுக்கே சிறப்பாயிருப்பதால், சிறுவயதிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்து வளர்ப்பது இனத்தின் தூய்மைக்கும் விலைக்கும் உகந்தது. ஒருமுறை கூடிய பெண் மீன், ஆண் இல்லாமலே பல ஈற்றுகள் ஈனும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொட்டி கட்டுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நூறு பெண் கப்பிகள் மாதம் ஒன்றுக்கு முப்பது குட்டிகள் வீதம் ஈன்றால் 3,000 குட்டிகள் ஆகும். பாதி பிழைத்தாலும் 1,500. விற்பனைக்குரிய வளர்ச்சி பெற நான்கு மாதம் ஆகுமெனக் கொண்டால், எந்நேரத்திலும் 6,000 மீன்கள் கையிருப்பில் இருக்கும். லிட்டருக்கு ஒரு மீன் என்னும் எச்சரிக்கையான அளவில் 6,000 லிட்டர் நீர் வேண்டும். மேலே கூறிய பெரிய தொட்டிகள் இரண்டு இதற்கு ஏறக்குறையப் போதும் என்று தோன்றும். ஆயின் வயது வாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் பிரிக்க வேண்டியிருப்பதால், அதே அளவு நீரைப் பல சிறு தொட்டிகளாகப் பகுத்து அமைப்பதே முறை. மாதந்தோறும் 1,500 மீன்களை வாங்கிக்கொள்ள வணிகர் உண்டா என்பதையும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். சந்தையை அறியாமல் தொட்டி கட்டுவது, வாய்க்கால் வெட்டாமல் நாற்று விடுவதை ஒக்கும்.

2020ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் வளர்ப்பகத்துக்கு 3 லட்சம் ரூபாய் திட்டச் செலவாக வகுக்கப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் அறிவிக்கப்பட்டது. திட்டங்களின் விதிகள் மாறுவன ஆதலின், நடப்பு நிலையை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடன் வாங்குதல் வேண்டும்.

நோயும் பகையும்

புதிதாக வாங்கிய மீன்களை இரண்டு மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். நோய் தடுப்பில் பாதி இதிலேயே அடங்கும். உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். நீரின் வெப்பத்தைச் சிறிது சிறிதாக 30 டிகிரிக்கு உயர்த்துவதும், லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பு சேர்ப்பதும் பயன் தரும். செதிலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் மீன் பேனைக் குறட்டால் எடுத்துவிடலாம். மிகுந்திருப்பின் மீன்வளத்துறையினரின் யோசனைப்படி மருந்திட வேண்டும்.

மீன்கொத்தி, நீர்க்காகம், தண்ணீர்ப் பாம்பு, தவளை ஆகியவை வெளித் தொட்டிக்குப் பகைகள். தும்பியின் புழுவும் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். தொட்டியின்மேல் வலை கட்டுவதால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். மீன் வளர்ப்பை நிறுத்திவிட்ட தொட்டியை மழைநீர் தேங்கும்படி விட்டுவைக்கலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது.

தப்பிய மீனால் வரும் கேடு

இனி, குழாயின் வாயில் வலை கட்ட வேண்டும் என்று முன்னர்க் கூறியதன் காரணத்தைக் காண்போம்.

ஆகாயத் தாமரையை அறியாத ஊராட்சி இல்லை. தென் அமெரிக்காவுக்குரிய அச்செடி பூவின் அழகுக்காகவே நாடு விட்டு நாடு கொண்டு செல்லப்பட்டது. இன்று அது ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டு, அகற்றும் செலவை ஆண்டுதோறும் நம் தலையில் சுமத்துகிறது. மீனிலும் இதுவே நிகழ்கிறது. 1952ஆம் ஆண்டில் உணவுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, இளவயதிலேயே இனம் பெருக்கி, குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காத்து, குளங்களை நிறைத்துக்கொண்டது. நெருக்கத்தால் தானும் சிறுத்து, மற்ற மீன்களின் இரையையும் பங்கிட்டுக்கொள்கிறது. காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் பிழைக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கொடுமை அதனினும் பெரிது. அதனை வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

வண்ண மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் மீனைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டும். இதுவும் தென் அமெரிக்காவுக்குரியது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் என்பதற்காக மக்கள் இதனை விரலளவில் வாங்குகின்றனர். அது ஓரடிக்கும் மேல் வளர்ந்து தொட்டிக்குப் பெரிதானபின், கொல்வதற்கு மனமின்றி ஏரியில் விட்டுவிடுகின்றனர். இரக்கத்தால் செய்யப்படும் இச்செயலே கேட்டின் தொடக்கம். உடல் முழுதும் எலும்புத் தகடு போர்த்த இம்மீனைக் கொக்கும் விராலும் எளிதில் விழுங்க இயலாது. இது கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை இளகும். வலையில் சிக்கினால் முள்ளால் வலையைக் கிழிக்கும். வாங்குவாரும் இல்லை. தமிழகத்து நீர்நிலைகள் சிலவற்றிலும் இம்மீன் இப்போது காணப்படுகிறது.

வெள்ளமும் இக்கேட்டைச் செய்ய வல்லது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, அரபைமா முதலிய அயல்நாட்டுப் பெருமீன்கள் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பி ஆறுகளில் புகுந்து, மீனவர் வலைகளில் சிக்கின. வடகிழக்குப் பருவமழையில் நம் மாவட்டங்களிலும் இவ்வாறு நேரக்கூடும்.

ஊர் ஏரியின் மீன்பாசி குத்தகையால் ஊராட்சிக்கு வருவாய் கிடைக்கிறது. குத்தகை எடுப்பவர் கட்லாவையும் ரோகுவையும் குஞ்சாக விட்டு வளர்க்கிறார். கெண்டையும் குறவையும் அயிரையும் ஏழைகளின் அன்றாடக் குழம்புக்கு உதவுகின்றன. ஒரு வீட்டார் விட்ட நாலு மீன்களால் இவையனைத்தும் குன்றுமாயின், அது ஒரு வீட்டுச் செய்தியாக நின்றுவிடாது. மேலும், ஒருமுறை ஏரியில் பரவிய மீனை முழுதும் அகற்றுவது ஏறத்தாழ இயலாத செயல்.

நம் ஆற்று மீன்கள்

கொசு ஒழிப்புக்கெனக் கப்பி மீனைச் சிமெண்டுத் தொட்டிகளில் விடுவதில் தவறில்லை. ஆயின் இயற்கையான குளத்திலும் ஓடையிலும் விடலாகாது. வயல் வாய்க்கால்களில், தலையில் வெண்பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பில் திரியும் நம் நாட்டுச் சிறுமீன் கொசுப் புழுவைத் தின்பதில் வல்லது; அதனைக் காத்தலே போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அழகிய மீன்கள் பல உண்டு. தாமிரபரணியில் மட்டுமே வாழும் கெண்டை இனமும் ஒன்று உண்டு. கேரளத்து மலையாறுகளுக்குரிய, ‘மிஸ் கேரளா’ எனப் பெயர் பெற்ற செங்கோட்டு மீன், ஏற்றுமதிக்காக ஆற்றிலிருந்து அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அழிவை எதிர்நோக்கும் இனமாயிற்று. தொட்டியில் இனப்பெருக்கம் செய்த மீனையே விற்பது என்னும் நெறி, ஏரியை மட்டுமன்றி ஆற்றையும் காக்கும்.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

1. ஊரிலுள்ள வண்ண மீன் வளர்ப்போரின் பட்டியலும் அவர்கள் வளர்க்கும் இனங்களின் பட்டியலும் ஊராட்சி அலுவலகத்தில் இருத்தல் வேண்டும்.

2. வெள்ளம் ஏறும் தாழ்விடத்திலும் ஏரிக்கரையின் அடியிலும் வளர்ப்புத் தொட்டி அமைக்க இடந்தரலாகாது. மழைக்காலத்துக்கு முன் வரப்பையும் வலையையும் சரிபார்க்கச் செய்ய வேண்டும்.

3. வடிக்கும் நீரை வாய்க்காலில் விடாமல், வலையால் வடிகட்டி வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சச் சொல்ல வேண்டும். அந்நீரில் தழைச்சத்து உண்டாதலின் பயிருக்கும் நன்மை. உப்போ மருந்தோ கலந்த நீரை மட்டும் பயிருக்குப் பாய்ச்சாது, பயிரில்லாத மேட்டுத் தரையில் ஊற்றிவிடலாம்.

4. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்போரிடமோ திருப்பிக் கொடுக்கும்படி மக்களுக்கு அறிவிக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்திலும் பள்ளியிலும் இதனை எடுத்துரைத்தல் நன்று.

5. ஏரியில் அயல் மீன் அகப்பட்டால் அதனைத் திரும்ப நீரில் விடாமல், மீன்வளத்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். குத்தகைதாரரிடமும் வலை வீசுவோரிடமும் இதனை முன்கூட்டியே சொல்லி வைத்தல் அவசியம்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. ஒரு முழ வலையும் சிறிது கவனமும் இருப்பின், வீட்டாரின் வருவாயும் ஊராரின் ஏரியும் ஒருங்கே காக்கப்படும். இவ்வாண்டு மழைக்கு முன்பே நம் ஊராட்சிகள் இப்பணியைத் தொடங்குமாயின், வண்ண மீன் வளர்ப்பு ஊருக்கு நன்மை தரும் தொழிலாகவே நிலைபெறும்.